ஆற்றோடு போன பால்மாவு டின்

காலையில் தோட்டக் குடியிருப்பின் வேலிக் கதவு திறக்கும் முன்பே வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். சோதனைக்காரி ஒவ்வொருத்தியின் தூக்குச்சட்டியையும் திறந்து பார்ப்பாள், மடியைத் தட்டிப் பார்ப்பாள், கொண்டையைக் கூட அழுத்திப் பார்ப்பாள். ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினாலும் அது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குப் போய்விடும் என்று அரசாங்கம் நினைத்தது. ஒரு கொண்டைக்குள் எத்தனை அரிசி கொள்ளும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. யோசிக்கிறவனை விடச் சந்தேகப்படுகிறவனுக்குத்தான் அப்போது மதிப்பு.

அன்று வரிசையில் ஒரே பேச்சுத்தான். படகுத்துறைக் கடைக்காரர் கிஃபாயத்துல்லாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

கிஃபாயத்துல்லா ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரமாக மளிகைக்கடை வைத்திருந்தார். தோட்டத்து ஜனங்கள் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். அவர் செய்ததாகச் சொன்ன குற்றம் இதுதான். ஆற்றின் மேல்பக்கம், சதுப்புக்காடு தொடங்குகிற வளைவில், நீப்பா என்னும் சதுப்புப் பனைகளின் அடியில் ஒரு பால்மாவு டின் கிடந்தது. ரோந்து போன சிப்பாய்கள் எடுத்தார்கள். டின்னில் ஓட்டை இல்லை. டின் சாமான் எதுவானாலும் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஓட்டை போட்ட டின் காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும் அல்லவா? இந்த டின்னின் அடியில் பச்சைச் சாயப் பொட்டு இருந்தது. அது கிஃபாயத்துல்லா கடை அடையாளம்.

கடை இருந்தது கடல் பக்கம். டின் கிடந்தது காட்டுப் பக்கம். ஆறு காட்டிலிருந்து கடலுக்குத்தான் ஓடும். ஆகவே டின் தானாக அங்கே போயிருக்க முடியாது, யாரோ படகில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவன் கூட இதைச் சொல்லிவிடுவான் என்றார்கள். பள்ளிக்கூடம் போனவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

குற்றம் உறுதியானால் அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும், பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே நிற்க வேண்டியதுதான் என்றும் கலாவதி சொன்னாள். எந்தச் சேதியும் அவள் வாய் வழியாகப் போகாமல் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழையாது.

அவளுக்குப் பின்னால், அவள் பக்கத்து வீட்டு நல்லம்மாள் கைக்குழந்தையோடு நின்றாள். பயந்தவர்கள் சும்மா இருப்பதில்லை, முந்திக்கொண்டு பேசுவார்கள். அவளும் பேசினாள்.

"அந்தக் காக்கா ஓட்டை போடாமலும் குடுப்பாருன்னு நானும் கேள்விப்பட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மத்தியானத்துக்குள் கலாவதி அதைக் காவல்காரன் நாகமணியிடம் சொன்னாள். நாகமணி ஸ்டேஷனில் சொன்னான். அங்கே போய்ச் சேரும்போது, அந்தக் கடையில் ஊருக்கெல்லாம் ஓட்டை போடாமல் விற்கிறார்கள் என்று ஆகியிருந்தது.

நல்லம்மாள் எப்படிக் கேள்விப்பட்டாள்? கேள்விப்படவில்லை. அவளே வாங்கியிருக்கிறாள்.

பிள்ளை பிறந்ததும் காய்ச்சல் கண்டு அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஓட்டை போட்ட டின்னில் மாவு ஈரம் கோத்துக் கட்டியாகி, எறும்பும் மொய்த்தது. அதைக் குடித்த குழந்தை வாந்தி எடுத்தது. கடை வாசலில் நின்று அவள் அழுததைப் பார்த்துவிட்டு, கிஃபாயத்துல்லா முழு டின் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். இது ஒன்றுதான், அடுத்தது கேட்காதே, வெளியே மூச்சு விடாதே என்றார். அதைத் திறப்பதற்கு முன்பே லயத்தில் திடீர்ச் சோதனை வந்தது. கடைசி வீடு அவளுடையது. முதல் வீட்டில் பானைகளை உருட்டும் சத்தம் கேட்டதுமே, அவள் பின்பக்கம் ஓடி டின்னை வேலிக்கு மேலே வீசிவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மண்கரை. கரைக்குக் கீழே ஆறு. தொபுக்கென்று சத்தம் கேட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

அவள் டின் கடலுக்குப் போய்விட்டது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் மேல்பக்கம் டின் கிடைத்தது என்று கேட்டதும், எனக்குக் கொடுத்த மாதிரி காட்டுக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள். தனக்கு நல்லது செய்த அந்தக் கையையே குற்றத்துக்குச் சாட்சியாக்கிவிட்டாள். மனுஷ புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

கிஃபாயத்துல்லாவின் மனைவி கைருன்னிசா மறுநாள் வேலிக் கதவு வரைக்கும் வந்தாள். தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் தன் புருஷனுக்காக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்லம்மாளும் திருப்பிக்கொண்டாள்.

இந்த ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் ஆற்றோரத்து ஆட்கள் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ரப்பர் மரத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள். காட்டுக்குப் பக்கத்தில் லயம் இருக்கக் கூடாது என்று அவசரகாலத்தில் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து, இந்தக் கரையோரத் தென்னந்தோட்டத்தில் வேலிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். வந்து மாதம் இரண்டு கூட ஆகவில்லை. குளிக்கக் குழாயடி உள்ளேயே இருந்தது. ஆற்றை முள்கம்பி வழியாகத்தான் பார்த்தார்கள். அதில் குப்பை கூளம் சில நேரம் இந்தப் பக்கம் போகும், சில நேரம் அந்தப் பக்கம் போகும். காற்று அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பழைய தோட்டத்தில் ஒரு ஓடை இருந்தது. பிள்ளைக்குச் சுற்றிப் போட்டது, சீக்காளியின் துணி, உடைந்த சாமிப்படம் எல்லாவற்றையும் அதில்தான் விடுவார்கள். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கே வந்த பிறகும் பின்வேலிக்கு மேலே வீசுவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். லயமே இப்படி எறிந்துகொண்டிருந்தது. எறிந்தது எங்கே போகிறது என்று ஒருத்தராவது நின்று பார்த்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. கண்ணேறு என்றாள் கலாவதி. உப்பு, மிளகாய், குழந்தையின் தலைமுடி கொஞ்சம், எல்லாவற்றையும் கொட்டாங்கச்சியில் வைத்துச் சிவப்புத் துணியால் கட்டிக் கொடுத்தாள். நல்லம்மாள் வெயில் சாய்கிற நேரத்தில் பின்பக்கம் போய், குழந்தையை மும்முறை சுற்றி, வேலிக்கு மேலே வீசினாள். திரும்பினாள். ஆனால் முந்தானை கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் திரும்பியபோது கண் ஆற்றின் மேல் விழுந்துவிட்டது.

சிவப்புத் துணி மிதந்து போய்க்கொண்டிருந்தது. கடல் பக்கம் இல்லை, காட்டுப் பக்கம்.

முதலில் உடம்பு சிலிர்த்தது. அவள் விட்டதை ஆறு வாங்க மாட்டேன் என்கிறது என்று நினைத்தாள். ஓடிவிடத்தான் பார்த்தாள். ஆனால் முந்தானை இன்னும் கம்பியில்தான் இருந்தது. காற்று அடிக்கிறதா என்று தென்னை ஓலையைப் பார்த்தாள். ஓலை அசையவில்லை. ஆற்றில் ஒரு காய்ந்த கிளையும் அதே பக்கம்தான் போனது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. இது எப்படி?

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் ஒரு தேங்காய் மட்டையை வீசினாள். அது கடல் பக்கம் போனது. அதற்கு மறுநாள் வீசினாள். கொஞ்ச தூரம் கடல் பக்கம் போய், என்ன செய்வது என்று தெரியாதவன் மாதிரி நின்றது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, அவளைத் தாண்டி, காட்டுப் பக்கம் போனது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்தால் வேலியடிதான். காவல் கோபுரத்து மேலே நின்ற நாகமணி பார்த்துப் பார்த்துக் கடைசியில் சத்தம் போட்டான்.

"என்ன நல்லம்மா, கம்யூனிஸ்டுக்கு மட்டை அனுப்புறியா? அவன் வறுத்துத் தின்ன மாட்டான்லா."

"உன் மாதிரி ஆளு அங்கயும் இருந்தா தின்பான் அண்ணே" என்றாள் அவள், கண்ணை ஆற்றிலிருந்து எடுக்காமல்.

பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மட்டை காட்டுப் பக்கம் போகிற நேரத்தில் தண்ணீர் உயர்ந்து நீப்பாவின் அடித்தண்டை மூடியிருக்கும். கடல் பக்கம் போகிற நேரத்தில் சேறு வெளியே வந்து பளபளக்கும், நண்டுகள் வளை வளையாக எட்டிப் பார்க்கும். தோட்டத்து வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்தில் ஒரு மரக்கதவு தொங்கும். அது பட்டென்று அடைப்பதை அவள் வந்த நாளாகக் கேட்டிருக்கிறாள். அதையும் காற்று என்றுதான் நினைத்திருந்தாள். ஆறு ஏறும்போது அது தானே மூடிக்கொள்கிறது, இறங்கும்போது தானே திறந்துகொள்கிறது. ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில், அது மூடியிருக்கும்போது வெளிப்பக்கக் கசிவை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

கரையோரமாக நீப்பா ஓலை வெட்டப் படகில் வந்த ஒரு மலாய்க்காரம்மாளிடம் கையைக் காட்டிக் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்தாள். ஆயர் பாசாங், ஏற்றத் தண்ணீர் என்றாள். கடல் பொங்கும்போது ஆற்றை உள்ளே தள்ளும், வடியும்போது விட்டுவிடும், தினமும் இரண்டு தரம் இப்படித்தான் என்று கையால் இழுத்தும் தள்ளியும் காட்டினாள். ஜெராம் கடற்கரை மீன்காரனைக் கேட்டாலும் தெரியும், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி பார்த்துவிட்டுத் துடுப்புப் போட்டாள். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். வேலிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நல்லம்மாளுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி, புருஷன் சோமு வந்ததும் சொன்னாள். மட்டை எது வரைக்கும் போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. சோமு ஆற்றின் மேல்பக்கத் தென்னந்தோப்பில் தேங்காய் பறிப்பவன். அவன் கண்ணில் படட்டும் என்று ஒரு மட்டையில் தன் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டி, மரக்கதவு மூடியிருக்கும் நேரம் பார்த்து வீசினாள். உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் சோமு தோப்புக்குப் போனான்.

ஆனால் அன்று சாயங்காலம் அவன் கையில் அந்த மட்டை இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"எங்க கெடந்துச்சு?" என்றாள் ஆவலாக.

"வளைவுல. நீப்பா அடியில மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அந்த டின்னைப் பட்டாளத்துக்காரன் எடுத்தான் பாரு, அதே எடம்."

நல்லம்மாள் கையில் மட்டையை வாங்கினாள். அவள் டின்னை எறிந்த அன்று காலையில் ஆறு ஏறிக் கரை வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. சேறாக இருந்திருந்தால் அந்தச் சத்தம் வராது.

"ஏங்க. அது நம்ம டின்னு."

சோமுவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தோப்பிலிருந்து வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். வாயைத் திறக்காதே என்றான். ஓட்டை போடாத டின்னை வைத்திருந்ததற்கும் தண்டனை உண்டு, அதை ஆற்றில் விட்டவள் யாருக்காக விட்டாள் என்று கேட்டால் என்ன சொல்லுவாய், உன்னைக் கொண்டுபோனால் இந்தப் பிள்ளையை நான் எதைக் கொடுத்து வளர்ப்பேன் என்றான். நியாயமான கேள்விதான்.

ஆனால் அவள் மனதை அரித்தது வேறு. அந்த ஒரு டின்னை யாருக்குக் கொடுத்தோம் என்று கிஃபாயத்துல்லாவுக்குத் தெரியும். ஸ்டேஷனில் அடித்தோ அதட்டியோ கேட்டிருப்பார்கள். அவர் சொல்லியிருந்தால் போலீஸ் இந்நேரம் அவள் வாசலில் நின்றிருக்கும். நிற்கவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலிக் கதவுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் சிவானந்தத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் ஈப்போக்காரர், இந்தப் பக்கத்துக்குப் புதுசு. அவள் சொன்னதை முகத்தை மாற்றாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முதல் கேள்வி இதுதான்: இப்படிச் சொல்லும்படி உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் பொய் கேட்கிற காது அது.

"யாரும் சொல்லல சார். நீங்களே ஒரு டின்னை விட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் விட்டுப் பார்த்தார். அதே மாதிரி ஒரு பால்மாவு டின்னில் வெள்ளைத் துணி கட்டி, மரக்கதவு மூடியதும் நாகமணியை எறியச் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் படகில் பின்னாலேயே போனார்கள். டின் மேலேறித்தான் போனது. ஆனால் வளைவில் ஒதுங்கவில்லை. நடு ஆற்றிலேயே போய், தண்ணீர் வடியத் தொடங்கியதும் திரும்பி வந்து, கடல் பக்கம் போய்விட்டது. ஆற்றுக்கு என்ன, அது யாருக்கும் சாட்சி சொல்லக் கடமைப்படவில்லை. வேலியோரம் கூடி நின்ற கூட்டம் சிரித்தது. கலாவதி எல்லோருக்கும் முன்னால் நின்று சிரித்தாள். சோமு தலையில் கை வைத்துக்கொண்டான்.

நல்லம்மாள் நகரவில்லை. மறுபடி விடுங்கள் என்றாள். நான் பயத்தில் எறிந்தேன், பொம்பளை கை, இவ்வளவு தூரம் போயிருக்காது, கரையை ஒட்டித்தான் விழுந்திருக்கும் என்றாள். சிவானந்தம் அடுத்த ஏற்றத்துக்கு அவளையே எறியச் சொன்னார்.

அவள் எறிந்த டின் கரையை ஒட்டியே போனது. வளைவில் நீப்பா அடியில் இரண்டு தரம் முட்டி, உள்ளே புகுந்து, நின்றுவிட்டது. படகில் போனவர்கள் கையை ஆட்டினார்கள்.

சட்டம் சும்மா விடவில்லை. ஓட்டை போடாமல் கொடுத்ததற்குக் கிஃபாயத்துல்லாவுக்கு அபராதம், கடைக்குச் சில வாரம் பூட்டு. வாங்கி வைத்ததற்கு நல்லம்மாளுக்கும் அபராதம். தோட்டக் கணக்கு எழுதும் கிராணி அதைச் சோமு சம்பளத்தில் பிடித்தார். ஆனால் காட்டுக்குச் சாமான் அனுப்பினார் என்ற பெரிய குற்றம் விழுந்துபோனது. கப்பல் இல்லை. கிஃபாயத்துல்லா வீட்டுக்கு வந்தார்.

கடை திறந்த அன்று நல்லம்மாள் போனாள். அவர் இளைத்திருந்தார். ஒரு டின்னை எடுத்து, அவள் கண் முன்னால் ஆணியை வைத்து ஓட்டை போட்டு நீட்டினார். அவள் வாங்காமல் நின்றாள். ஆறு மேலே ஏறும் என்று போலீசிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதா தங்கச்சி? இருவது வருசமா இந்தத் தண்ணி மேலதான் குந்திக்கிட்டு இருக்கேன். மெதந்து வந்துச்சுன்னு சொன்னா, யாரு போட்டான்னு கேப்பாங்க. நீ கைப்புள்ளைக்காரி."

நல்லம்மாளுக்கு அழுகை வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து கைருன்னிசா வந்தாள். அவள் புருஷன் மாதிரி மெத்தென்ற ஆள் இல்லை. வேலிக் கதவில் தன்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட முகங்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"டின்னு திரும்பி வந்துச்சு, நீ போய் ஒத்துக்கிட்ட. நல்லது. அன்னைக்கு வாயில இருந்து ஒண்ணு விட்டியே, அது இன்னும் லயத்துல வீட்டுக்கு வீடு சுத்துது. நேத்துக்கூட ஒருத்தி என்னைப் பாத்து, காட்டுக்காரன் பொண்டாட்டின்னு சொல்லிட்டுப் போறா. அதை யாரு போய்ப் புடிக்கிறது?"

நல்லம்மாள் டின்னை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை வேலிக் கதவருகே வழக்கம் போல வரிசை. சோதனைக்காரி தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். முன்னால் நின்ற கலாவதி, போலீசுக்கு லஞ்சம் கொடுத்துத்தான் காக்கா வெளியே வந்ததாகக் கேள்வி என்று ஆரம்பித்தாள். யாரும் மறுக்கவில்லை. கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது.

நல்லம்மாள் வரிசையை விட்டு விலகி, எல்லோரும் பார்க்கும்படி முன்னால் போய் நின்றாள்.

"கேள்வின்னு சொல்லாத கலாவதி. நானும் அப்படித்தான் சொன்னேன். கேள்வியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டின்னை வாங்குனவ நான், ஆத்துல எறிஞ்சவ நான், பழியைத் தூக்கி அந்த மனுசன் மேல போட்டவளும் நான்தான். எம்புள்ளைக்குப் பால் குடுத்த பாவத்துக்கு அவரு உள்ள கெடந்தாரு."

சோதனைக்காரியின் கை தூக்குச்சட்டி மேலேயே நின்றது. நல்லம்மாள் முடிக்காமல் விடவில்லை.

"கையால எறிஞ்சாலும் சரி, வாயால எறிஞ்சாலும் சரி, அது எங்க போயி யாரு மேல முட்டுதுன்னு நின்னு பாருங்க. பாக்காம ஒருத்தர் மேல பழி போடாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்றது."

சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் மரக்கதவு பட்டென்று மூடியது. வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழுத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார்கள்.